பங்காளிகள் எல்லோரும் வந்தார்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கீரனூரில் எங்கள் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது. விராலிமலைப் பக்கத்திலிருந்து என் மாமனாரின் பங்காளிகள். இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். இவ்வளவு பேர் அந்த வேனுக்குள் எப்படி உட்கார்ந்து வந்தார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. கட்டுமாவடியில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் சித்தப்பா ஒருவர் மட்டும் தனியாக பைக்கில் வந்தார், பின்சீட்டில் ஒரு பெட்டி மீனைக் கட்டிக்கொண்டு. எல்லோரும் ஆண்கள். எல்லோரும் என் மகன் கவியரசனுக்கு ஸ்டெம் செல் கொடுக்க வந்தவர்கள்.

கவிக்கு எட்டு வயது. தலசீமியா. அவன் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுகிறது, ஆனால் அந்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக உருவாவதில்லை. அதனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை திருச்சிக்கு பஸ் ஏறிப் போய் யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வருகிறோம். ஏற்றுகிற ரத்தத்தோடு வருகிற இரும்பு உடம்பில் தங்கிவிடும். அதை வெளியே தள்ள தினமும் ஒரு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். அவன் குடிக்க மாட்டான். நான் கெஞ்சுவேன், பிறகு கத்துவேன், பிறகு அவன் அழுதுகொண்டே குடிப்பான். எங்கள் வீட்டில் பொழுது விடிவது இப்படித்தான்.

இதற்கு முடிவு ஒன்றுதான். நல்ல மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை அவனுக்குள் செலுத்த வேண்டும். கொடுப்பவருடைய செல் அவனுடையதோடு பொருந்த வேண்டும். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் முதலில் அவர்களைத்தான் பார்ப்பார்கள். கவிக்கு யாரும் இல்லை. இரண்டாவதாக உண்டானபோது கருவிலேயே சோதித்தோம், அதற்கும் இதே நோய். அதற்குப் பிறகு எனக்குத் தெம்பில்லை. வெளியாட்கள் பெயர் கொடுத்து வைத்திருக்கிற பதிவேட்டிலும் தேடிவிட்டார்கள், கிடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஓர் அறக்கட்டளைக்காரர்கள் கீரனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு ஒரு சுழற்று, அவ்வளவுதான் பரிசோதனை. அது தெரிந்ததும் என் மாமனார் அடைக்கலம் போனைக் கையில் எடுத்தார்.

"மாமா, பங்காளிகள்ல பொருந்துறதுக்கு சான்ஸ் ரொம்பக் கம்மி மாமா," என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஒரே குலசாமி கும்புடுறோம். ஒருத்தன் வீட்ல சாவுன்னா அத்தன பேருக்கும் தீட்டு. ரத்தம் மட்டும் எப்படி ஆத்தா வேறயாப் போகும்?"

நான் பயோகெமிஸ்ட்ரி வாத்தியார். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக வேலை. அந்தப் பதவியில் கௌரவத்தைத் தவிர வேறொன்றையும் இதுவரை நான் பார்க்கவில்லை. மரபணுவைப் பற்றி ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பேன், என் மாமனாருக்கு எடுக்க முடியாது. அவர் நல்ல மனுஷர், பேரன் என்றால் உயிர். குலசாமி கோயிலுக்கு வரி வாங்கப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வேனில் ஏற்றி வந்திருந்தார். மகள்களைக் கூப்பிடவில்லை, அவர்கள் கட்டிக் கொடுக்கப்பட்டு வேறு குடும்பம் ஆனவர்கள். மகள் வயிற்றுப் பிள்ளைகளையும் கூப்பிடவில்லை. அவர்கள் வேறு குலசாமிக்குச் சொந்தம்.

மண்டபத்துக்குப் போய் வரிசையில் நின்று வாயைத் திறந்து காட்டிவிட்டு மதியம் எல்லோரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அத்தனை பேருக்கும் அந்த மீனைக் கழுவிக் குழம்பு வைத்தவள் கார்த்திகா. அவளுடைய மகள் இனியா வாசல்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பங்காளிகள் அவளைத் தாண்டித் தாண்டி உள்ளே போனார்கள். "கொஞ்சம் அங்கிட்டு நகந்து உக்காரு பாப்பா," என்றார் ஒருவர். அவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கார்த்திகா யார் என்று சொல்ல வேண்டும். என் கணவர் கோபிநாத்தின் தங்கை. என் அண்ணன் அரவிந்த்குமாரின் மனைவி. பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள் எங்கள் இரண்டு வீட்டிலும், ஒரே பந்தலில் ஒரே முகூர்த்தத்தில். அதனால் அவள் எனக்கு மதினி, நான் அவளுக்கு மதினி. அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். லீவில் வந்துபோன பிறகு இனியா குறைமாதத்தில் பிறந்தாள். ஊர் விரல் விட்டு எண்ணியது. அப்போது அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரேயடியாகத் திரும்பி வந்த பிறகு யார் ஏற்றிவிட்டார்களோ, ஆலங்குடியில் எங்கள் அம்மா வீட்டு நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, இது என் பிள்ளை இல்லை என்றான். கார்த்திகா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கீரனூர் வந்து சேர்ந்தாள்.

இந்த மாதிரிக் கல்யாணத்தில் ஒரு வீட்டுப் பெண் திரும்பி வந்தால் மற்ற வீட்டுப் பெண்ணையும் திருப்பி அனுப்புவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். என்னையும் அனுப்பச் சொல்லி உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். "இவ போய்ட்டா எம்புள்ளையத் தூக்கிக்கிட்டு யாரு ஆஸ்பத்திரிக்கு அலையிறது?" என்று கோபி கேட்டதோடு பேச்சு முடிந்தது. அவர் என்மேல் வைத்த பிரியத்தில் சொன்னாரா, அலைச்சலுக்குப் பயந்து சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து நானும் கார்த்திகாவும் ஒரே அடுப்பில் சமைக்கிறோம். உப்பு தீர்ந்துவிட்டது, தண்ணீர் வந்துவிட்டது, இதற்கு மேல் பேச்சில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. என் அண்ணனின் மூக்கும் வாயும் என் முகத்தில் இருக்கின்றன, அதைத்தான் அவள் தினமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முகாம் முடிந்து முடிவு வந்தது. வேனில் வந்த ஒருவரும் பொருந்தவில்லை. மாமனார் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் மூன்றாம் வருடத்துக்கு ஸ்டெம் செல் பாடம். தள்ளிப்போடலாம் என்று பார்த்தேன், பரீட்சை நெருங்கிவிட்டது. போர்டில் ஒரு குடும்பத்தை வரைந்தேன். பொருத்தத்தைத் தீர்மானிக்கிற மரபணுக்கள் ஒரு தொகுப்பாக வருகின்றன, அப்பாவிடம் இரண்டு தொகுப்பு, அம்மாவிடம் இரண்டு, பிள்ளைக்கு அவரிடமிருந்து ஒன்று, இவரிடமிருந்து ஒன்று. தன் ஆள் யார், அயலான் யார் என்று உடம்பு பார்ப்பது இதை வைத்துத்தான். கூடப் பிறந்தவர்களுக்குள் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளுக்கு அப்பா பக்கத்துப் பாதி கிடைத்தாலும் அம்மா பக்கத்துப் பாதிக்கு எங்கே போவது?

இதைச் சொல்லிவிட்டுத் திரும்பினால் பிரின்சி எழுந்து நிற்கிறாள். ஆவூர்க்காரப் பெண், எதையும் பாதியில் விட மாட்டாள்.

"மேம், பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்திருந்தா? எங்க ஊர்ல அப்படி நெறைய இருக்காங்க. அந்தப் பிள்ளைகளுக்கு ரெண்டு பக்கமும் ஒன்னுதானே?"

"ஒன்னுதான்," என்றேன். சாக்பீஸ் என் கையிலேயே இருந்தது. "அப்பா பக்கத்துத் தொகுப்பு ஒத்துப்போக நாலுல ஒன்னு. அம்மா பக்கத்துக்கும் நாலுல ஒன்னு. ரெண்டையும் பெருக்கு."

"பதினாறுல ஒன்னு மேம். கம்மிதான்."

"கம்மிதான். உக்காரு."

அந்தப் பெருக்கலை நான் எத்தனையோ நாள் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போட்டிருக்கிறேன். பதினாறில் ஒன்று என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறது. அதை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு நாங்கள் விராலிமலைக்கு வேன் அனுப்புகிறோம். மாமனாரிடம் ஒருமுறை வாயைத் திறந்தேன். "அந்தப் புள்ள வேற குடும்பம், அது எப்படி நம்ம ரத்தமாகும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கார்த்திகாவிடம் கேட்கவோ எனக்கு நாக்கு எழவில்லை. அவள் மகளைத் தன் பிள்ளையே இல்லை என்று சொன்னவனின் தங்கை, அதே பிள்ளையிடம் உதவி கேட்டுப் போய் நிற்பதா? ஆனால் அன்று வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்தபோது மானம் பார்க்கக்கூட எனக்குத் தெம்பு மிச்சமில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவள் மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"மதினி, இனியாவையும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாக்கலாங்களா?"

அவள் கவியின் சட்டையை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "இதக் கேக்கத்தான் இத்தன நாளா மென்னு முழுங்கிக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமாங்க."

"கேக்க வேண்டியதுதானே?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது மதினி? ஒங்கள இந்த நெலமைக்குக் கொண்டாந்தது எங்க அண்ணன்."

"அது அவுக. நான் ஒங்களக் கேட்டேன்." கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டாள். "எனக்கு டெஸ்ட்டுன்னா பயமில்ல. எம்புள்ள யாருக்குப் பொறந்ததுன்னு எனக்குத் தெரியும். பொருந்தலைன்னு வந்துச்சுன்னா இந்த ஊரு என்ன சொல்லும்? பாத்தியா, அன்னைக்கே சொன்னாகள்லன்னு சொல்லும்."

"பொருந்தாததுனால எங்க அண்ணன் புள்ள இல்லைன்னு ஆகிராது மதினி. கூடப் பொறந்த புள்ளைகளுக்கே நாலு பேர்ல மூணு பேருக்குப் பொருந்தாது."

"இது ஒங்களுக்குத் தெரியும், நீங்க படிச்சவுக. ஒவ்வொரு வீடாப் போயிச் சொல்லிட்டு வருவீங்களா? நாளைக்கு இவளுக்கு ஒரு நல்லது பொல்லாதுன்னா வந்து நிப்பீங்களா?"

அவள் சொன்னதில் எந்தப் பிழையும் இல்லை. கவிக்கு வேண்டுமென்று நான் கேட்பது எனக்கு ஆசை, அவளுக்கு அது மறுபடியும் நடுக்கூடத்தில் போய் நிற்பது. துணி மூட்டையோடு அவள் இறங்கிப் போன பிறகும் நான் அந்த வெயிலிலேயே நின்றேன். கேட்டது தப்போ என்று இருந்தது. கேட்காமல் இருந்திருந்தாலும் தூங்கியிருக்க மாட்டேன்.

அடுத்து ரத்தம் ஏற்றுகிற நாள். கவியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். ரத்தம் குறைந்த நாட்களில் அவனால் நடக்க முடியாது, எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். பின்னாலிருந்து கொலுசுச் சத்தம். பள்ளிக்கூட யூனிஃபார்மோடு இனியா, அவள் பின்னால் கார்த்திகா.

"அப்பாகிட்டச் சொல்லல," என்றாள் கார்த்திகா. "பையக் குடுங்க, நான் வச்சுக்கிறேன். பஸ் வருது."

ஆஸ்பத்திரியில் இனியா வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள். "அத்தை, வலிக்கவே இல்ல," என்று என்னிடம் சொன்னாள். பிறகு ரத்தம் ஏறிக்கொண்டிருந்த கவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நான் ஒனக்குக் குடுத்தேன்னா நீ என்னைய அக்கான்னுதான் கூப்புடணும், பேர் சொல்லக் கூடாது," என்று கண்டிஷன் போட்டாள். கவி யோசித்துவிட்டு, "பொருந்துனா கூப்புடுறேன்," என்றான். கார்த்திகா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது.

அதன் பிறகு முடிவு வரும் வரைக்கும் நான் நம்பவே கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினாறில் பதினைந்து இல்லை என்பதுதான் கணக்கு. ஆனாலும் இட்லி ஊற்றும்போது, பேப்பர் திருத்தும்போது, அந்த ஒன்று வந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கார்த்திகாவும் கேட்கவில்லை. காலையில் கவிக்கு மாத்திரை கரைத்துக் கொடுக்கிற வேலையை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள். அவளிடம் அவன் அழாமல் குடித்தான்.

முடிவு அடுத்த முறை திருச்சி போனபோது வந்தது. கவிக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, தூங்கிவிட்டான். டாக்டரம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் உட்காரச் சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பாதிதாம்மா பொருந்துது. பாதிப் பொருத்தம்னா அப்பா அம்மா நீங்களே இருக்கீங்க. இவனோட உடம்பு இருக்கிற நெலமையில அந்த ரிஸ்க் வேணாம்னுதான் நாம பேசியிருக்கோம். பதிவேட்ல தொடர்ந்து தேடுவோம்."

"சரிங்க மேடம்," என்றேன். எழுந்தேன். கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன். "எந்தப் பாதிங்க மேடம்?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ஒங்க சைடு. கவிக்கு ஒங்ககிட்ட இருந்து வந்தது அந்தப் பொண்ணுகிட்டயும் அப்படியே இருக்கு. ஒங்க கணவர் சைடு பொருந்தல."

வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். என் பக்கத்துத் தொகுப்பு இனியாவிடம் இருக்கிறது என்றால் அது என் அண்ணன் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். கார்த்திகா என் வீட்டில் பிறந்தவள் இல்லை. என் மகனுக்கு உதவாத அந்தப் பாதி அவள்மேல் இருந்த பழியைத் துடைத்துவிட்டது. இதைப் படித்துச் சொல்ல ஆஸ்பத்திரியில் யாருக்கும் அவசியமில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பஸ்ஸில் வரும்போது ஒரு கெட்ட யோசனையும் வந்தது, மறைக்க மாட்டேன். பொருந்தவில்லை என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிடலாம். மீதியைச் சொன்னால் அண்ணனோடு சண்டை, அம்மாவோடு சண்டை, உறவுக்காரர்கள் மறுபடியும் வந்து உட்காருவார்கள். எனக்கு அதற்கெல்லாம் எங்கே தெம்பு? மடியில் தூங்கிக்கொண்டிருந்த கவியின் உதடு ரத்தம் ஏறிய சிவப்பில் இருந்தது. அந்தச் சிவப்பு எவ்வளவு நாள் நிற்கும் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் நாற்காலியில் இருந்தார். கார்த்திகா இனியாவை டெஸ்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன விஷயத்தை எப்படியோ அறிந்திருந்தார். இனியா ஓடிவந்து கவியின் ஷூவைக் கழற்றினாள். கார்த்திகா தண்ணீர்ச் சொம்போடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"என்ன ஆத்தா, பொருந்துச்சா?" என்றார் மாமனார்.

"பொருந்தல மாமா."

"நாந்தான் சொன்னேன்ல," என்றார். எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது நம்ம ரத்தம் இல்லைன்னு. தேவையில்லாம போயி, இப்ப ஊரு வாயில விழணும்."

எனக்குப் படுக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கே போனதோ தெரியவில்லை.

"முழுசாச் சொல்லிர்றேன் மாமா. பாதி பொருந்திருக்கு. பொருந்துனது எங்க வீட்டுப் பாதி. எனக்கு எங்க அப்பா அம்மாகிட்ட இருந்து வந்தது. எங்கிட்ட இருந்து கவிக்கு வந்துருக்கு. அதே பாதி இனியாகிட்டயும் இருக்கு. எங்க அண்ணன் வழியாத்தான் அது வந்துருக்க முடியும். இவ அரவிந்த்குமார் பெத்த பொண்ணு. எங்க அண்ணன் சொன்னது பொய். இதே வார்த்தைய ஆலங்குடியில நடுவீட்ல நின்னு சொல்லப் போறேன், எவன் வந்து கேட்டாலும் சொல்லுவேன்."

மாமனார் எழுந்தார். எழுந்தவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நெசமாவா ஆத்தா?" என்றார். "அப்ப... எம்மக மேல தப்பு ஒன்னும் இல்லையா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குலசாமி, தீட்டு, வேறு குடும்பம் என்று அவர் சொன்னதெல்லாம் வெளியில் சொல்ல ஒரு சாக்கு. இனியாவைச் சோதித்தால் என்ன வெளிவருமோ என்று பயந்துதான் மனுஷர் ஊர் ஊராகப் போன் போட்டிருக்கிறார்.

கார்த்திகாவுக்கும் அது உறைத்துவிட்டது. சொம்பைக் கீழே வைத்தாள்.

"இத்தன வருசமா ஒங்களுக்கும் சந்தேகந்தானாப்பா?" என்றாள்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் பக்கம் போவதற்கு யாரும் நகரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, இரக்கமும் வந்தது, இரண்டையும் வைத்துக்கொள்ள எனக்குள் இடமில்லை.

"அத்தை, அப்ப நான் குடுக்க முடியாதா?" என்றாள் இனியா, ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே.

"முடியாதுடா கண்ணு."

கார்த்திகா வந்து தரையில் உட்கார்ந்து கவியின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்பாவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். அவள் அழுதாள், இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் பார்க்காத அழுகை.

"எனக்காக இது வேணும்னு நான் கேக்கலையே மதினி," என்றாள். "இவனுக்குத்தானே கேட்டோம்."